காணிக்கைக்கு ஒரு தனிக் கணக்கு: சம்பள நாளிலேயே தொடங்குவது எப்படி

எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா இருக்கும். அம்மா உலைக்கு அரிசி அளந்த பிறகு, அளந்ததில் இருந்தே ஒரு கைப்பிடி எடுத்து அதில் போடுவார். பானையில் இருந்து தனியாக அள்ளிப் போட மாட்டார். அன்று நாங்கள் சாப்பிட வேண்டியதில் இருந்துதான் அந்தக் கைப்பிடி வரும். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குக் கைப்பிடி அரிசிக் காணிக்கை என்றால் விளக்கம் வேண்டாம். மிசோரத்திலும் இதே வழக்கம் உண்டு, அங்கே சமைக்கிற ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கைப்பிடி ஒதுக்குகிறார்கள், சபை அதை வாங்கி விற்று ஊழியத்துக்குச் செலவழிக்கிறது.

அந்த டப்பாவில் ஒரு முறை இருந்தது. சமைப்பதற்கு முன்னால் எடுப்பது, தவறாமல் எடுப்பது, வீட்டில் எல்லாருக்கும் தெரிய எடுப்பது. மாதச் சம்பளத்துக்கு மாறிய நாம் இந்த மூன்றையும் விட்டுவிட்டோம். ஞாயிறு காலை காணிக்கைப் பை நம் வரிசைக்கு வரும்போது பர்ஸைத் திறந்து, ஐந்நூறு ரூபாய் நோட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஐம்பதைத் தேடுகிறோம். மனசு இல்லாமல் இல்லை. மாதக் கடைசி, கையில் அவ்வளவுதான் இருக்கிறது. அதனால் கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது நான் மனசில் இருந்து தொடங்குவதில்லை, கணக்கில் இருந்து தொடங்குகிறேன். கணக்கு சரியானால் மனசுக்கு இடம் கிடைக்கிறது, இது என் சொந்த அனுபவம்.

முதலில் ஒரு சொல். நம் வேதாகமத்தில் 'உக்கிராணக்காரன்' என்று வருகிறதே, அந்தச் சொல்லை எத்தனை பேர் நின்று யோசித்திருக்கிறோம்? கல்யாண வீட்டில் உக்கிராண அறை என்று ஒன்று இருக்கும். அரிசி, சர்க்கரை, தேங்காய், எண்ணெய் டின் எல்லாம் அங்கேதான். சாவி நம்பிக்கையான ஒருவர் கையில் இருக்கும், பெரும்பாலும் ஒரு தாய்மாமன் அல்லது சித்தப்பா. சமையல்காரர் கேட்கக் கேட்க அளந்து கொடுப்பார். பந்தி நடக்கும்போது சர்க்கரையைப் பூட்டி வைத்தால் அவர் வேலை கெட்டது. கேட்டவனுக்கெல்லாம் மூட்டையாகத் தூக்கிக் கொடுத்தாலும் கெட்டது. சாயங்காலம் வீட்டுக்காரரிடம் இவ்வளவு வந்தது, இவ்வளவு போனது, இவ்வளவு மிச்சம் என்று சொல்ல வேண்டும். சாமான் எதுவும் அவருடையது இல்லை. லூக்கா 16ஆம் அதிகாரத்தில் எஜமான் கேட்பது இதைத்தான்: "உன் உக்கிராணக்கணக்கை ஒப்புவி." பணத்தைக் குறித்துக் கிறிஸ்தவன் நினைக்க வேண்டியது எல்லாம் எனக்கு அந்த ஒரு சாவிக்குள் அடங்கிவிடுகிறது. தாவீது ராஜா ஆலயத்துக்குக் கொட்டிக் கொடுத்த நாளில் ஜெபித்ததும் அதுவே: "எல்லாம் உம்மால் உண்டானது, உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்."

சரி, எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

ஒரு மாதம் எதையும் மாற்றாமல் செலவை மட்டும் எழுதுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். டீக்கடையில் கொடுத்த பதினைந்து ரூபாய் வரைக்கும் எழுத வேண்டும், கணவன் மனைவி இருவரும் ஒரே நோட்டில். பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள், ஏனென்றால் எழுத ஆரம்பித்தால்தான் எங்கே ஒழுகுகிறது என்று தெரிகிறது, தெரிந்தால் சங்கடமாக இருக்கிறது. அந்தச் சங்கடம் நல்லது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கைக்கு வரும் சம்பளம் 32,000 ரூபாய். வாடகை 7,500. மளிகை, காய்கறி, பால், கேஸ் 9,000. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஆட்டோ 4,500. நகைக் கடன் தவணை 4,000. கரண்ட், போன், பெட்ரோல் 3,000. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு 2,000. ஆக 30,000. மிச்சம் 2,000. தசமபாகம், அதாவது பத்தில் ஒன்று, என்றால் 3,200 வேண்டும். இல்லை. இந்த வீட்டுக்காரரிடம் போய் "நீங்கள் தேவனை வஞ்சிக்கிறீர்கள்" என்று வேதாகமத்தின் மல்கியா புத்தகத்தைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அதே சமயம், "இல்லை, எனவே இப்போதைக்கு வேண்டாம்" என்று விட்டால் அந்த 'இப்போதைக்கு' இருபது வருஷம் ஓடிவிடும்.

நான் சொல்லும் வழி இது: நூற்றுக்கு நான்கில் தொடங்குங்கள். 1,280 ரூபாய். மிச்சம் 720 அவசரத்துக்கு இருக்கட்டும். அடுத்த வருஷம் சம்பளம் 2,000 கூடி 34,000 ஆகும்போது நான்கை ஆறாக்குங்கள், 2,040 வரும். அதாவது சம்பள உயர்வு வீட்டுச் செலவோடு கலந்து காணாமல் போவதற்கு முன்னால் அதில் ஒரு பங்கைப் பிடித்துவிடுகிறீர்கள். பிறகு நகைக் கடன் அடைந்த மாதம் 4,000 ரூபாய் கையில் நிற்கும். அந்த மாதமே பத்துக்குப் போய்விடலாம், 3,400 கொடுத்தாலும் முன்பைவிடக் கையில் அதிகம்தான் நிற்கும், அதைச் சேமிப்பில் போடுங்கள். கடன் முடிந்த அடுத்த வாரமே புது போனுக்குத் தவணை எடுக்காமல் இருந்தால்தான் இது நடக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்தில் ஒன்று கட்டளையா என்று கேட்பவர்கள் உண்டு. புதிய ஏற்பாட்டுச் சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எந்தச் சதவீதத்தையும் எழுதி வைக்கவில்லை. "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்" என்கிறார். இதில் எல்லாரும் 'உற்சாகமாய்' என்ற அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறார்கள். எனக்கு 'நியமித்தபடியே' என்ற சொல்தான் கனமாகப் படுகிறது. நியமிப்பது என்றால் முன்கூட்டியே உட்கார்ந்து தீர்மானிப்பது. பத்தில் ஒன்றை நான் ஒரு படியாகப் பார்க்கிறேன். ஏற முடியாதவனுக்கு அது பாரமாக வேண்டாம், ஏறிவிட்டவன் அங்கேயே பாய் விரித்துப் படுக்கவும் வேண்டாம். மாதம் இரண்டு லட்சம் வாங்குகிறவர் இருபதாயிரம் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைத்தால், தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் போட்ட ஏழை விதவையின் இரண்டு காசை அவர் இன்னும் ஒரு தடவை வாசிக்க வேண்டும்.

மொத்தச் சம்பளத்தில் கணக்குப் போடுவதா, பிடித்தம் போகக் கைக்கு வருவதிலா? கைக்கு வருவதில் போடுங்கள், பி.எஃப். பணம் வரும்போது அதற்குத் தனியாகக் கொடுங்கள். கடை வைத்திருப்பவர் விற்பனையில் போடக் கூடாது, லாபத்தில் போட வேண்டும். ஆனால் லாபம் பார்ப்பதற்கு முன் வேலைக்காரப் பிள்ளைகளின் கூலி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு கோயிலுக்குக் கொடுக்கிற காணிக்கையைப் பற்றி யாக்கோபு 5ஆம் அதிகாரத்தைப் படித்த பிறகு யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. தினக்கூலியும் ஆட்டோ ஓட்டுகிறவரும் மாதக் கணக்கே போட வேண்டாம், அவர்களுக்கு அந்தத் தகர டப்பாதான் சரி, அன்றைய வரவில் அன்றே ஒரு பங்கு.

கந்துவட்டிக் கடன் இருப்பவர்களுக்கு மட்டும் வேறு மாதிரி சொல்வேன். முதலில் அதை அடைத்துவிடுங்கள். அதுவரை சிறிய தொகை, ஐம்பதோ நூறோ, தவறாமல் கொடுத்துவாருங்கள், கை மறந்துவிடாமல் இருப்பதற்காக. கடன் வாங்கிக் காணிக்கை போடவே போடாதீர்கள். "இந்த ஆயிரத்தை விதையுங்கள், பத்தாயிரமாக அறுப்பீர்கள்" என்று மேடையில் இருந்து கேட்டபோது, என் சொந்தத்தில் ஒரு அக்கா காதில் கிடந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். அது அடகில் இருந்து அந்த வாரம்தான் மீட்ட கம்மல். பத்தாயிரம் வரவில்லை, அவர் தன் விசுவாசம் போதவில்லை என்று தன்னையே நொந்துகொண்டு இரண்டு வருஷம் கோயில் பக்கமே வரவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. திரும்பி வரும் என்று போடுவது கொடுப்பது ஆகாது.

அப்புறம் தனிக் கணக்கு. வங்கியில் குறைந்தபட்ச இருப்பு கேட்காத சேமிப்புக் கணக்கு ஒன்றைத் திறந்து, சம்பளம் ஏறிய மறுநாளே நீங்கள் நியமித்த தொகை அதற்குப் போகும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுத்துவிடுங்கள். அந்தக் கணக்கை ஜிபேயில் இணைக்காதீர்கள், இணைத்தால் ஒரு அவசரத்தில் பிரியாணிக்குப் போய்விடும். கணக்குத் திறக்க முடியாதவர்கள் ஒரு கவரில் போட்டு பீரோவில் வையுங்கள். பவுல் கொரிந்து சபைக்குச் சொன்ன முறையும் இதேதான்: வாரத்தின் முதல் நாள்தோறும் "தன்தன் வரவுக்குத் தக்கதாக எதையாகிலும் தன்னிடத்திலே சேர்த்துவைக்கக்கடவன்". தான் வந்து நிற்கும்போது அவசரமாகப் பணம் திரட்டும் வேலை இருக்கக் கூடாது என்று காரணமும் சொல்கிறார். தனிக் கணக்கில் போட்ட பிறகு ஒரு மாற்றம் நடக்கும், கவனித்துப் பாருங்கள். யாராவது வந்து உதவி கேட்டால் "என்னிடம் இருக்கிறதா" என்ற கேள்வி போய், "இது இவருக்குச் சேர வேண்டியதா" என்று யோசிக்கத் தொடங்குவீர்கள். உக்கிராணச் சாவி கையில் இருப்பவர் யோசிக்கிற மாதிரி.

எங்கே கொடுப்பது?

நான் மூன்றாகப் பிரிக்கிறேன். பாதி என் சபைக்கு. கால் பங்கு மிஷனரி ஊழியத்துக்கு. மீதிக் கால் பங்கு என் கண் முன்னால் வரும் தேவைகளுக்கு. 1,280 ரூபாயில் இது 640, 320, 320. சிறிய தொகையாகத் தெரியலாம். கடைசி 320ஐ மாதாமாதம் விட்டு வைத்தால் வருஷத்தில் 3,840 ஆகும், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒரு பிள்ளைக்கு யூனிபார்ம், நோட்டுகள், செருப்பு எல்லாம் அதில் வாங்கிவிடலாம்.

சபைக்குப் பாதி ஏன் என்றால், நம் சபையின் போதகருக்கும் கோயில் கரண்ட் பில்லுக்கும் வேறு யாரும் கொடுக்க மாட்டார்கள். மிஷனரிப் பங்குக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்கள் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள். சீமையில் இருந்து பணம் வரும் என்று காத்திராமல், பனைத் தொழிலிலும் வயல் வேலையிலும் வாழ்ந்த ஜனங்களின் காணிக்கையில் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அதில் முன்னின்ற வெள்ளாளன்விளைக்காரர் அசரியா, 1912இல் தோர்ணக்கல்லின் பேராயரானார், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். வசதி வந்த பிறகு கொடுத்த ஜனங்கள் இல்லை அவர்கள்.

மூன்றாவது பங்குதான் நம் ஆட்கள் அதிகம் மறக்கிறது. உபாகமம் 14ஆம் அதிகாரத்தில் மூன்றாம் வருஷத்துத் தசமபாகம், ஆலய ஊழியம் செய்த லேவியனோடு சேர்த்துப் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் என்று எழுதியிருக்கிறது, அவர்கள் வந்து புசித்துத் திருப்தியடைய வேண்டும் என்று. பரதேசி என்றால் வெளியூர்க்காரன், நம் சபை ஆள் இல்லாதவன். நம் தெருவில் கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் இருக்கும் பீகார்க் குடும்பம் அந்த வரிசையில் வரும். அவர்களுக்கு உதவும்போது சுவிசேஷத் துண்டுப் பிரதியைச் சேர்த்து நீட்டி, வாங்கினால்தான் அரிசி என்கிற மாதிரி நிற்காதீர்கள். இயேசு குணமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் ஒன்பது பேர் திரும்பியே வரவில்லை, ஆனாலும் அவர்கள் பெற்ற சுகம் பறிக்கப்படவில்லை.

கொடுக்கும் விதமும் முக்கியம். படிப்புக்கு உதவுகிறீர்களா, நீங்களே பள்ளியில் கட்டி ரசீதை அந்தத் தாயிடம் அமைதியாகக் கொடுங்கள். மருத்துவச் செலவா, மருந்துக்கடையில் கட்டுங்கள். ஆனால் பெரியவர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் ரொக்கமாகவே கொடுங்கள், என்ன வாங்கினீர்கள் என்று கேட்காதீர்கள், அவர்கள் மரியாதை அதில் இருக்கிறது. கொடுப்பதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருட்களை ஏலம் விடும்போது ஒரு பூசணிக்காயை இரண்டாயிரத்துக்கு எடுப்பது சந்தோஷமான காரியம், எனக்கும் பிடிக்கும், அந்தக் கூச்சலும் சிரிப்பும் சபையை ஒன்றாக்கும். ஆனால் பெயர் வாசிக்கப்படும் என்பதால் அங்கே தாராளமாகவும், பெயர் தெரியாத உண்டியலில் சுருக்கமாகவும் நம் கை போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வலது கை செய்கிறதை இடது கை அறியாதிருக்கக்கடவது.

அப்பா அம்மாவுக்குக் கொடுக்கும் 2,000ஐ நான் காணிக்கைக் கணக்கில் சேர்க்கவில்லை, வீட்டுச் செலவில்தான் வைத்தேன், கவனித்திருப்பீர்கள். பெற்றோரைக் கவனிக்க வேண்டிய பணத்தைக் 'கொர்பான்' என்று தேவனுக்கு நேர்ந்துவிட்டுத் தப்பித்தவர்களை இயேசு கடுமையாகப் பேசினார். பெற்றோருக்கு மருந்து வாங்காமல் கோயிலுக்கு மின்விசிறி வாங்கித் தருவது அந்த வகைதான்.

வாங்குகிறவர்களிடம் கணக்குக் கேளுங்கள்

இதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எருசலேம் ஏழைகளுக்கான தர்மப்பணத்தைக் கொண்டுபோகும்போது பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை, சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட்டிக்கொண்டார், ஒருவனும் தங்களைக் குற்றப்படுத்தக் கூடாது என்று எழுதியும் வைத்தார். நான் சில வருஷம் எங்கள் சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபை வட்டத்தில், பொருளாளராக இருந்தேன். கணக்குக் கேட்டவர்களால் எனக்கு ஒரு நாளும் கெடுதல் வரவில்லை. யாரும் கேட்காத வருஷங்களில்தான் ரசீதுகளைச் சேர்த்து வைப்பதில் நானே அசட்டையாக இருந்தேன்.

ஒரு ஊழியத்துக்கு முதல் முறை கொடுப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள். டிரஸ்ட்டாகவோ சங்கமாகவோ பதிவு செய்திருக்கிறார்களா. நிர்வாகக் குழுவில் ஊழியரின் மனைவி, மகன், மருமகன் தவிர வேறு ஆட்கள் உண்டா. வருஷா வருஷம் ஆடிட் ஆன கணக்கு கேட்டால் காட்டுவார்களா. பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குப் போகிறதா, தனி ஆளின் எண்ணுக்கு ஜிபேயில் போகிறதா. எண்ணிட்ட ரசீது வருகிறதா. இதில் இரண்டுக்குச் சரியான பதில் கிடைக்காவிட்டால் வேறு இடத்துக்குக் கொடுங்கள், தேவை உள்ள நேர்மையான இடங்கள் நிறைய இருக்கின்றன.

வரிச்சலுகை பற்றிச் சுருக்கமாக: நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும், 80ஜி என்று நாம் பழகிய சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். ஒரு குறிப்பிட்ட மதத்தாருக்கான வழிபாட்டு அமைப்புக்குக் கொடுப்பது பொதுவாக அதில் வராது, எனவே சபைக் காணிக்கைக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம். கிறிஸ்தவ மருத்துவமனை, அநாதை இல்லம் போன்ற அனுமதி பெற்ற தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் கேட்டுப் பாருங்கள், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பில் இருந்து வங்கி வழியாக ஊர்ச் சபைக்கு அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டால், இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வாங்கும் நிறுவனத்துக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும், பணமும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளையில் அவர்கள் வைத்திருக்கும் கணக்குக்குத்தான் வர வேண்டும். சொந்த ஊர்க் கோயில்தானே என்று நேராக அனுப்பிவிட்டால் சிக்கல் நமக்கு இல்லை, ஊரில் கையெழுத்துப் போடும் போதகருக்கும் பொருளாளருக்கும்தான்.

இன்னொன்று, நம் வீடுகளில் பேசத் தயங்குவது: உயில். முன்பு ஒரு கிறிஸ்தவர், நெருங்கிய உறவினர் இருக்கும்போது, மத அல்லது தர்ம காரியத்துக்குச் சொத்து எழுதி வைக்க வேண்டும் என்றால், சாவதற்குப் பன்னிரண்டு மாதத்துக்கு முன்பே உயில் எழுதியிருக்க வேண்டும், எழுதி ஆறு மாதத்துக்குள் அதைச் சட்டப்படி ஒப்படைத்தும் இருக்க வேண்டும் என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவு கட்டுப்படுத்தியது. உச்ச நீதிமன்றம் 2003இல் ஜான் வல்லமட்டம் வழக்கில் அதை ரத்து செய்துவிட்டது. இப்போது நீங்கள் சம்பாதித்த சொத்தில் ஒரு பங்கை ஒரு பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ தாராளமாக எழுதலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயம் இல்லை, ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள். எழுதுவதற்கு முன் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள், செத்த பிறகு அவர்களுக்குத் தெரிய வந்து கோர்ட்டுக்குப் போனால் நீங்கள் கொடுத்த காணிக்கை சபையில் சண்டையாகத்தான் நிற்கும்.

பிள்ளைகளை இன்னும் முன்னாலேயே சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் மூன்றாவது பங்கை யாருக்குக் கொடுப்பது என்பதை வருஷத்தில் ஒரு தடவை பிள்ளைகள் தீர்மானிப்பார்கள். போன வருஷம் என் சின்ன மகள், தன் வகுப்பில் மழைக்கு நனைந்துகொண்டே வரும் ஒரு பிள்ளைக்குக் குடையும் அவள் தம்பிக்கு ஒன்றும் என்றாள். நான் பெரிதாக ஏதாவது யோசித்து வைத்திருந்தேன். இரண்டு குடை வாங்கினோம், வகுப்பு டீச்சர் வழியாகக் கொடுத்தோம், யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம்.

டிசம்பர் 31 அன்று இரவு ஆராதனைக்குப் புறப்படும் முன், சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் அந்த நோட்டை எடுத்து உட்காருங்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு ஒதுக்கினோம், எங்கே போனது என்று கூட்டுங்கள். காணிக்கைக் கணக்கில், ஜூன் மாதப் பள்ளிச் செலவுக்கென்று வைத்தது போக, ஏதாவது தங்கியிருந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள், அது அடுத்த வருஷத்துச் சேமிப்பாக மாற வேண்டாம். அடுத்த வருஷத்துக்கான சதவீதத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, இருவரும் பக்கத்தில் தேதி போட்டு வையுங்கள். பிறகு கோயிலுக்குப் போகலாம்.